முழங்காலளவு வெள்ளமும் இரண்டாவது பாலமும்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது பறக்கிற கமெரா ஒன்று இருக்கிறது. ஆற்றுக்கு மேலே ஒரு சுற்றுப் போய் வந்தால் கரை, மரம், கூரை எல்லாம் படமாகிவிடும். போன மாதம் என் வீட்டுக் கொடியில் காய்ந்த சாரமும் அதில் விழுந்திருந்ததாம். அதைச் சொல்லத்தான் இர்ஷாத் தம்பி போன் எடுத்தான். என் கதிரையில் இப்போது இருப்பவன் அவன். சொல்லிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தான். ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு பாலத்துக்கு யோசனை இருக்கிறது, கமெரா எல்லாம் காட்டுகிறது, ஆனால் போன பெருவெள்ளம் எவ்வளவு உயரத்தில் நின்றது என்று அதற்குத் தெரியவில்லை.

"நீங்க ரெண்டாவது பாலத்துக்கு வெள்ள உயரத்தை எப்படி எடுத்தீங்க, நானா?" என்று கேட்டான். எங்களுக்குள் நானா என்றால் அண்ணன்.

"சனத்திட்டக் கேட்டோம்."

"செல்லித் தந்தாங்களா?"

"ஓம். எல்லாரும் பொய் செல்லித் தந்தாங்க. நான் அந்தப் பொய்க்கெல்லாம் லெவல் பிடிச்சேன்."

அவன் சிரித்தான். என் சேவைக்காலம் முழுவதும் நான் உண்மை சொன்ன நேரங்களில்தான் ஆட்கள் கூடுதலாகச் சிரித்திருக்கிறார்கள். ஆகவே எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு கரைக்காரரும் என் வீட்டுக்குச் சண்டைக்கு வருவார்கள், அதுவும் புதிய பாலத்தால் சீக்கிரமாகவே வந்துவிடுவார்கள். புத்தளத்துக் கரையோரம், கடலுக்குப் பக்கத்தில் ஆறு வந்து சேர்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வீதிப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். ஊரில் எனக்குப் பெயர் 'லெவல் நானா'. முக்காலியில் தூரக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, எதிரே ஒருவர் நட்டுப் பிடித்த அளவுக் கட்டையைப் பார்த்து எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று சொல்வதுதான் என் தொழில். பயிற்சிக் காலத்தை ஒரே வரியில் முடிக்கலாம்: தோணியிலிருந்து கட்டையோடு ஆற்றுக்குள் விழுந்தேன். அரசாங்கச் சொத்து மிதந்தது, அரசாங்க ஊழியன் மூழ்கினான். தோணிக்காரர் முதலில் கட்டையைத்தான் எடுத்தார். அது பதிவிலுள்ள சாமானாம்.

பழைய பாலம் வெள்ளைக்காரன் காலத்தது. ஒரு வாகனம் ஏறினால் எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். கற்பிட்டி வெங்காய லொறியும் புத்தளத்து உப்பு லொறியும் நடுப்பாலத்தில் முகம் பார்த்து நின்றுவிட்டால், யார் பின்னுக்குப் போவது என்று தீர்வதற்குள் பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கிப் பாணும் சம்பலும் தின்று முடித்துவிடுவார்கள். ஆனால் அகலம் அதன் சின்னக் குறை. பெரிய குறை உயரம். மேல்நாட்டில் கொட்டுகிற மழை எங்கள் ஊருக்கு வருவது ஆறாகத்தான். அப்போது தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகும். ஆஸ்பத்திரியும் பஸ் நிலையமும் வடக்குக் கரையில். தெற்குக் கரைக்காரன் அந்த நாட்களில் நோயாளியாவதை ஒத்திப்போட வேண்டும்.

இரண்டாவது பாலத்துக்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் நான் தெற்குக் கரையில் நின்றேன். முதலில் பாலத்தின் தளம் மறைந்தது. பிறகு கைப்பிடிக் கம்பிகள். பிறகு பாலம் இருந்த இடத்தில் தண்ணீரில் ஒரு சின்ன மடிப்பு மட்டும். சத்தம் பெரிதாக இல்லை. வேரோடு வந்த மருதமரம் ஒன்று எங்களைக் கடந்து, யாரையோ பார்க்கப் போகிறவரைப் போல நிதானமாகக் கடலுக்குப் போனது. எனக்கு எதற்கும் ஒரு பகிடி வரும். அன்றைக்கு வாய் திறந்தபடியே இருந்தது, பகிடி வரவில்லை.

இரண்டாவது பாலத்தைத் திட்டமிட வந்தவர் நிலூகா மிஸ். சிங்களவர், சிலாபப் பக்கம். தமிழ் பேசுவார், எல்லா வசனத்தையும் 'தானே' என்று முடிப்பார். வாகனத்தை விட்டு இறங்கினால் முதல் வேலை சப்பாத்தைக் கழற்றுவது. வெறுங்காலோடு கரையில் கொஞ்சத் தூரம் நடந்து, ஆற்றுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிளானை விரிப்பார். குடை பிடிக்கப் போனால் பிடிக்காது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவர் பொய் சொன்னால் பென்சில் சீவத் தொடங்குவார். சீவி முடித்து, அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். ஒப்பந்தம் எடுக்கிற கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து போனால் பென்சில் பாதியாகியிருக்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கம். ஒரு பிளானால் யாருடைய வீடாவது போவதாக இருந்தால், கடிதம் போவதற்கு முன்னால் அவரே அந்த வீட்டுக்குப் போவார். "தபால்காரன் சொல்லி அறியக்கூடாது தானே, நானா," என்பார்.

ஆற்றின் நடுவில் தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டு, குழாய் இறக்கி அடிமண் எடுத்தோம். பாலத்தின் கால் எதில் நிற்கப் போகிறது என்று தெரிய வேண்டுமே. முதலில் மணல் வந்தது. பிறகு மட்டிச் சிப்பி. பிறகு கறுப்புச் சேறு. சேற்றைப் பிளந்தபோது உள்ளே ஓர் இலை. நரம்பு நரம்பாக, முழுசாக, பச்சை கூட மாறாமல். மிஸ் அதை உள்ளங்கையில் எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு அது கறுத்தது. எந்தக் காலத்து மரம், எந்தக் காற்றில் உதிர்ந்தது, அதற்கு மேல் எத்தனை வெள்ளம் மணல் கொண்டுவந்து போட்டது, யாருக்குத் தெரியும்? ஒரு லொறி போக வழி கேட்டு, யாருடைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குள் ஒரு பயம் வந்தது.

அடிமண் பொய் சொல்லவில்லை. பிறகு மேலே வந்து மனிதரிடம் கேட்க வேண்டியிருந்தது.

பாலத்தின் அடிவயிறு பெருவெள்ளத்தைவிட நன்றாக உயர நிற்க வேண்டும். இல்லையென்றால் மிதந்து வருகிற மரங்கள் இடித்து இடித்துப் பாலத்தையே கொண்டுபோய்விடும். ஆகவே வெள்ளம் நின்ற உயரம் தெரிய வேண்டும். வழக்கமாக இதைச் சுவர் சொல்லும். தண்ணீர் நின்ற இடத்தில் மண்ணிறக் கோடு இருக்கும். எங்கள் ஊர்ச் சுவர் சொல்லாது. வெள்ளத்துக்குப் பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்குத் தெற்குக் கரை முழுக்க வெள்ளை அடித்தது. மாதா கோயில் திருநாளுக்கு வடக்குக் கரை முழுக்க நீலமும் வெள்ளையும் அடித்தது. இரண்டு மார்க்கமும் சேர்ந்து ஆற்றின் கையெழுத்தைச் சுத்தமாக அழித்திருந்தன. மிஞ்சியது சனத்தின் வாய்தான்.

வடக்குக் கரையில் மீன்பிடிக்கிற மரியதாஸ் அண்ணன் கதிரைக்கு மேல் ஏறி நின்று கையை உயர்த்திக் காட்டினார். கணக்குப் பார்த்தால் அவருடைய கூரை ஓட்டுக்கும் மேலே போனது.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க, அண்ணன்?"

"கட்டில்ல படுத்திருந்தன்."

"தண்ணிக்குள்ளயா?"

"கட்டில் மிதந்ததுதானே, தம்பி."

அந்தக் கரையில் யாருக்கும் வீடு போகிற பயமில்லை. அங்கே பாதை வீடில்லாத தரவை வெளியில் இறங்கும். வெள்ளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கெதியாகப் பாலம் வரும் என்பது அவர்கள் கணக்கு.

தெற்குக் கரையில் வேறு கணக்கு. பாலத்தால் இறங்குகிற பாதை அங்கே ஓர் ஒழுங்கைக்கு, ஒடுக்கமான சந்துக்கு, பக்கத்தில் வரும். தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்த குடும்பங்களின் ஒழுங்கை. பாலம் தாழ்ந்தால் இறக்கம் கட்டை, ஒழுங்கைக்கு முன்னாலேயே தரையைத் தொட்டுவிடும். பாலம் உயர்ந்தால் இறக்கம் நீளும், ஆற்றுப் பக்கத்து முதலாவது வீட்டின் மேலே போகும். மற்ற வீடுகளுக்கு ஒன்றுமில்லை. அந்த முதலாவது வீடு சுலைஹா ராத்தாவுடையது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர், மனுசன் மவுத்தாகிக் கைம்பெண்ணாய் இருப்பவர். இதெல்லாம் ஒழுங்கைக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் ஊரில் பிளான் அலுவலக மேசையில் விரிகிறதற்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் விரிந்துவிடும்.

நான் ஒழுங்கைக்குப் போன நாளில் ராத்தா புத்தளத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒழுங்கையின் பெரியவர் சமது காக்கா முன்னுக்கு வந்தார். நல்ல உயரம், கப்பல் கட்டுகிற தோள். சாரத்தை மடித்துக் காலைத் தட்டிக் காட்டினார்: முழங்கால். அடுத்த வீடு அவருடைய மச்சான். ஆள் கட்டை. அவரும் தன் காலைத் தட்டினார்: முழங்கால். நான் இரண்டையும் அளந்தேன். ஒரு வேலிக்கு அங்காலும் இங்காலும் வெள்ளம் மச்சானின் கால் குட்டையான அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இப்படியே கடைசி வீடு வரை எல்லோருக்கும் அவரவர் முழங்கால்.

"சுலைஹா ராத்தா வீட்டில?" என்று கேட்டேன்.

"அங்கயும் முழங்கால்தான்," என்றார் சமது காக்கா.

"யாருட முழங்கால், காக்கா?"

"எழுதுங்களேன் நானா, ஒரு நடுத்தரமான முழங்காலா."

எல்லாவற்றையும் மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டு கரைப் புள்ளிகளையும் கடதாசியில் வைத்து, நடுவில் ஆற்றுக்குக் குறுக்கே கோடு இழுத்தார். பிறகு தேத்தண்ணியைக் கோப்பையிலிருந்து பீங்கானில் ஊற்றி, பீங்கானைச் சாய்த்தார். தேத்தண்ணி சாயவில்லை, ஒரு பக்கத்தால் வழிந்தது.

"ஆறு இப்படிச் சாய்ஞ்சு ஓடுறது இல்ல தானே, நானா?"

"எங்கட ஊர் ஆறு, மிஸ். இப்படித்தான் எண்டு செல்ல ஏலாது."

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார். நான் பொய் சொல்லவில்லை என்றாலும் எனக்கு வியர்த்தது. சீவி முடித்துவிட்டுச் சொன்னார், சுவரில் வெள்ளை எட்டாத இடம் எங்கேயாவது ஒன்று இருக்கும், மனிதர் தூரிகை எல்லா மூலைக்கும் போவதில்லை, போய்த் தேடுங்கள் என்று. ஒவ்வொரு வீட்டிலும் நான் கதவுக்குப் பின்னாலும் படத்துக்குப் பின்னாலும் முகத்தை நுழைத்தேன். பெண்பிள்ளை பார்க்க வந்த தரகரை விட மோசமாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் சுலைஹா ராத்தா வீடு. அவர் திரும்பி வந்திருந்தார். அடுப்படியில் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே என்னத்தைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். தன் வீட்டுக்கு ஒழுங்கை எவ்வளவு சொன்னது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"முழங்காலா?" ராத்தா தட்டைக் கீழே வைத்தார். "ஆனைட முழங்காலா இருக்கும்."

கையைத் துடைத்துக்கொண்டு உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரை ஒட்டி ஓர் அலுமாரி. முதிரை மரம். அதைத் தனியாகத் தூக்குகிறவர் அவருடைய மனுசன் ஒருவர்தானாம். அவர் போன பிறகு அதை யாரும் அசைக்கவில்லை. வெள்ளை அடிக்க வருகிறவர்கள் அலுமாரியைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்களாம். வெள்ளம் வந்த சுவர் அதற்குப் பின்னால் அப்படியே இருக்கிறது.

நானும் எனக்கு அளவுக் கட்டை பிடிப்பவரும் தள்ளினோம். அலுமாரி நின்ற இடத்தில் நின்றது. நான்தான் பின்னால் போனேன். இரண்டாவது முறை தள்ளும்போது வாசலில் நிழல் விழுந்தது. சமது காக்கா. கதை அதற்குள் போய்விட்டது.

"ராத்தா, அதை விடுங்க," என்றார். "அசைச்சா வீடு போகும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நாங்க இவ்வளவு பேரும் காலைத் தட்டிக்கொண்டு நிண்டது யாருக்காக?"

"எனக்காகத்தான். அதுக்கு உங்களுக்கெல்லாம் அல்லாஹ்ட ஹைர் கிடைக்கட்டும்." ராத்தாவின் குரல் உயரவில்லை. "சமது, வெள்ளத்தன்றைக்குச் சுகமில்லாத என்ட மனுசனை உன்ட தோளிலதானே கொண்டு போனாய்?"

"ஓம், ராத்தா."

"எங்க வரைக்கும்?"

கட்டை பிடிப்பவர் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பாலத்தடி வரைக்கும்," என்றார் ராத்தா. "பாலம் தண்ணிக்குள்ள. அக்கரையில ஆஸ்பத்திரி லைட் தெரிஞ்சிச்சு. அவருக்கும் தெரிஞ்சிச்சு, காட்டினார். விடிய வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இனி ஒரு பாலம் போட்டு, அதுவும் தண்ணிக்குள்ள போனா, இந்த வீட்டுக்குள்ள இருந்து நான் என்னத்தைப் பார்க்கிறது?"

சமது காக்கா சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். "நானா, புறத்தால போங்க. உங்களால ஏலாது," என்றார். பிஸ்மி சொல்லித் தோளைக் கொடுத்தார். அலுமாரி முனகிக்கொண்டு நகர்ந்தது.

பின்னால் பழைய சுவர். அதில் கோடு.

என் தலைக்கு மேலே இருந்தது. நான் கட்டை என்பதால் அதைப் பெரிய உயரம் என்று யாரும் எண்ண வேண்டாம், சமது காக்காவின் மூக்களவு. அறை வாசலில் முக்காலியை முழு உயரத்துக்கு இழுத்து நட்டேன். ராத்தா கொடுத்த கதிரையில் ஏறி, கருவியில் மட்டம் காட்டுகிற குமிழி நடுவுக்கு வரும்வரை திருகி, கண்ணை வைத்தேன். கருவிக்குள்ளே ஒரு மெல்லிய குறுக்கு இழை உண்டு, அதுதான் எங்கள் தொழிலில் நேர். அந்த இழை சுவரிலிருந்த கோட்டின் மேல் போய்ப் படுத்தது. நான் கருவியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினேன். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழையும் கோடும் பிரியவில்லை.

நான் எத்தனையோ ஆயிரம் தடவை அந்தக் கருவிக்குள் பார்த்தவன். அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. மரத்தையும் மாட்டையும் அள்ளிக்கொண்டு போன தண்ணீர், ஒரு பாலத்தை விழுங்கிய தண்ணீர், இந்தச் சின்ன அறைக்குள் வந்து அவ்வளவு அமைதியாக நின்று, அவ்வளவு நேராக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்த அறையில் யார் இருக்கிறார்கள், யார் அன்றைக்கு மவுத்தானார்கள் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. கதிரையை விட்டு இறங்கப் பிந்தியது. சமது காக்கா, "என்ன நானா, அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

மிஸ் கணக்குப் போட்டார். தண்ணீரில் மிதந்த கட்டிலும் நடுத்தரமான முழங்காலும் குப்பைக்குப் போயின. அந்தக் கோட்டை வைத்துப் பாலத்தின் உயரம் முடிவானது. பிறகு பல நாட்கள் அவர் கடதாசிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தார். பாதையை வளைத்துப் பார்த்தார், பாலத்தை ஆற்றின் மேல்பக்கம் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். மேலே தள்ளினால் பள்ளிக்கூடம் போனது. வளைத்தால் லொறி திரும்பாது. ஒருநாள் பின்னேரம் பிளானைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க நானா," என்றார்.

ராத்தா வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, கொடுத்த இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார். "உங்கட வீடு போகுது, ராத்தா. நான் எல்லா வழியும் பார்த்தேன். நிற்க வைக்க முடியல்ல தானே." மன்னிப்பு, அபிவிருத்தி, நாட்டுக்காக என்று ஒன்றும் சொல்லவில்லை. பிளானை விரித்து, எது எங்கே வரும் என்று விரலால் காட்டினார். ராத்தா கவனமாகக் கேட்டார். நட்ட ஈட்டோடு தூரத்தில் நுரைச்சோலைப் பாதையில் ஒரு துண்டுக் காணி கொடுப்பார்கள் என்றதும் ஓம் என்றார்.

மிஸ் வாகனத்துக்குப் போன பிறகுதான் ராத்தா என்னிடம் மெல்லச் சொன்னார், மன்னாரால் வெளிக்கிட்டபோது தானும் இந்த ஒழுங்கைச் சனத்தோடு ஒரே தோணியில் வந்தவர் என்று. "வீடு போறது பழகின விஷயம், நானா. அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து போனோம். இப்ப நான் மட்டும் போறேன்." வேறு யாரும் என்றால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது சமது காக்கா பிடித்துக்கொண்டார். டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு. ஒழுங்கையின் நடுவில் நாலு வீட்டு வளவுகள் முதுகோடு முதுகாக இருக்கின்றன. நாலுக்கும் பின்மூலைகள் ஒரே இடத்தில் சந்திக்கும். நாலு பேரும் மூலையில் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் நடுவில் ராத்தாவுக்கு ஒரு வீட்டுக்கு இடம் வரும், போக வழியைத் தன் வேலியோரத்தால் விடுவதாகச் சொன்னார். மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்ததும், அலுவலகக் கணக்கில் நுரைச்சோலைக் காணிக்குப் பதிலாக இதை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் யோசித்தார். எழுதிப் பார்க்கலாம், ஆனால் யார் யார் எவ்வளவு விடுகிறார்கள் என்று சரியாகத் தெரிய வேண்டும் என்றார்.

அந்த மூலைக்குப் போய்ப் பார்த்தால் வேலிகள் முன்னமே பிடுங்கி உள்ளே தள்ளி நட்டிருந்தன. வேலியின் தென்னோலைக் கிடுகு கூடப் புதுசு. சுலைஹா ராத்தா ஒழுங்கை முனையில் நின்றார், கிட்ட வரவில்லை. நாலு பேரும் சொல்லச் சொல்ல மிஸ் எழுதினார். மச்சான் நாலு முழம் என்றார். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான். சமது காக்கா, "சின்ன மூலை, மிஸ். ஒன்றும் முளைக்காத இடம்," என்றார். அவர் விட்டுக்கொடுத்த மூலையில் குலை தள்ளி நின்ற தென்னை ஒன்று புதிய வேலிக்கு வெளியே நின்றது.

நான் டேப்பை இழுத்தேன். மச்சானுடையது ஆறு முழத்துக்கு மேலே. மற்றவர்களுடையதும் சொன்னதை விடக் கூட. சமது காக்காவின் மூலையை இரண்டு தரம் அளந்தேன், ஏனென்றால் முதல் தரம் நம்பவில்லை.

"எவ்வளவு, நானா?" என்று மிஸ் கேட்டார்.

"சொன்னதை விடக் கூட, மிஸ்."

"யாருடையது?"

"எல்லாருடையதும்."

மிஸ் பென்சிலைப் பார்த்தார், சமது காக்காவைப் பார்த்தார். சீவவில்லை. நான் சொன்ன அளவை அப்படியே எழுதினார்.

"டேப் பழசு," என்றார் சமது காக்கா என்னிடம், பக்கத்தில் வந்து. "சுருங்கியிருக்கும், நானா."

"இருக்கும், காக்கா," என்றேன்.

அது அந்தக் கிழமைதான் அலுவலகத்தில் தந்த புது டேப்.